வாப்பாவோட இரும்பு இடுப்பு: 12 வருஷம் 8 மாசம் ஓட்டிப் பாத்து எழுதுற ரிவ்யூ

போட் இன்ஜினுக்கு ரிவ்யூ எழுதிருக்கேன், பில்ஜ் பம்புக்கு எழுதிருக்கேன், ஒருதடவ ராமநாதபுரத்துல ஒரு பரோட்டாக் கடைக்குக்கூட எழுதி அந்த ஓனர் கடைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாரு. மனுசன் உடம்புக்குள்ள வெச்ச சாமானுக்கு எழுதுறது இதான் முதல்தடவ. கம்பெனி பேரு சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரி பேரும் சொல்லமாட்டேன், சண்டைக்கு நிக்க இத எழுதல. சாமான் என்ன, சைஸ் என்ன, எத்தன வருஷம் ஓடுச்சு, எங்க தேஞ்சுச்சு, அவ்ளோதான்.

சாமான்: இடுப்பு மூட்டு, மெட்டல் மேல மெட்டல். அதாவது பந்தும் உலோகம், அது உக்கார்ற கிண்ணமும் உலோகம், ரெண்டுமே கோபால்ட் குரோமியம் அலாய். பந்து 46 மில்லிமீட்டர், கப் வெளிப்பக்கம் 52. வெச்சது 2009 நவம்பர், மதுரையில. எடுத்தது 2022 ஜூலை, வேற ஆஸ்பத்திரி, அதுவும் மதுரைதான். ஓட்டுனவரு எங்க வாப்பா.

வாப்பா மண்டபம் பக்கம் வேதாளையில சங்கு குளிச்சவரு. சின்ன வயசுல மூச்சடக்கி முங்குனாரு, பின்னாடி கம்ப்ரசர் வந்ததும் வாயில ஹோஸ கடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா கீழ கெடப்பாரு, மேல ஏறும்போது நின்னு நின்னு ஏறணும்ங்கற பாடமெல்லாம் அப்ப யாரும் சொல்லித் தரல, வேகமா ஏறுனா கைகால் கொடையும், ராத்திரி உம்மா தைலம் தேய்ச்சு விடும், அவ்ளோதான் வைத்தியம். 48 வயசுல வலது கால ஊண முடியல. மதுரை டாக்டர் எக்ஸ்ரேயப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "பாய், கடல்ல முங்குற வேலையா?" அழுத்தமான காத்த இழுத்துட்டு டக்குனு மேல வந்தா ரத்தத்துல நைட்ரஜன் குமிழி கட்டும், அது எலும்புக்குப் போற சின்னச் சின்ன ரத்தக் குழாய அடைக்கும், தொடை எலும்போட பந்து உள்ளுக்குள்ளயே செத்து மடங்கிப் போயிரும். டைவருக்கு வர்ற வியாதி. தோள்பட்டையிலயும் வரும், வாப்பாவுக்கு இடுப்புல வந்துச்சு.

சரி மாத்தணும்னு முடிவாச்சு. அப்ப கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், கீழ உக்கார முடியுமா, சுஜூதுல (தொழுகையில நெத்தியத் தரையில வெக்கறது) போக முடியுமா. அதுக்கு அந்த டாக்டர் சொன்ன பதிலுதான் இந்த சாமான். பந்து பெருசா இருந்தா கிண்ணத்த விட்டு நழுவாது, கால நல்லா மடக்கலாம், வயசு கம்மி, பிளாஸ்டிக் கப் வெச்சா தேஞ்சுரும், இது உலோகம், ஆயுசுக்கும் ஓடும். நான் அப்பவே லேத் ஓட்டுனவன்தான், எனக்கும் அது சரினுதான் பட்டுச்சு. அவரு பொய் சொன்னாருனு நான் இன்னைக்கும் சொல்லமாட்டேன், 2009-ல பாதி உலகம் அப்பிடித்தான் நெனச்சுச்சு. பெரிய பந்து நழுவாதுங்கறது இன்னைக்கும் உண்மைதான், மனுசனோட சொந்தப் பந்தே கிட்டத்தட்ட அந்த சைஸ்தான் இருக்கு.

முதல் எட்டு வருஷத்துக்கு நான் ரிவ்யூ எழுதிருந்தா அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருப்பேன். மூணு மாசத்துல குச்சி இல்லாம நடந்தாரு. ஆறு மாசத்துல பள்ளிவாசல்ல கடைசி வரிசையில சேர்ல உக்காந்தவரு ஒரு வருஷத்துல கீழ உக்காந்து தொழுதாரு, அதப் பாத்து உம்மா அழுதுச்சு. முங்கப் போகல, ஆனா என் பட்டறைக்கு தினமும் வந்து வேலையாளுகள வைவாரு, மீன்பிடி தடைக்காலத்துல போட்டெல்லாம் கரையேறி நிக்கும்போது எங்களுக்குத்தான் வேலை முட்டும், அந்த நாள் பூரா ஏணியில ஏறி எறங்குனாரு மனுசன்.

2018 வாக்குல ஒரு சத்தம். எந்திரிக்கும்போது கிரீச்னு. புது ரப்பர் செருப்பு ஈரத்தர மேல தேயுற மாதிரி. பேத்திங்க சிரிக்கும், அவரும் சிரிச்சாரு. அப்புறம் தொடை இடுக்குல வலி, அதுவும் ராத்திரி. அப்புறம் இடுப்புப் பக்கம் மெத்துனு ஒரு வீக்கம். உள்ளூர்ல காட்டுனா எக்ஸ்ரே சூப்பரா இருக்கு, ஒண்ணும் ஆடல, நடங்கனு சொல்லி கேஸ் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு வருஷம் இப்பிடியே போச்சு, நடுவுல கொரோனா வேற. எங்க ராத்தா (அக்கா) மக திருச்சியில நர்சிங் படிச்சவ, அவதான் ஒருநாள் போன்ல கேட்டா, மாமா, அப்பாவுக்கு (தாத்தாவ அப்பிடித்தான் கூப்புடுவா) வெச்சது மெட்டல் பந்தா, சைஸ் எவ்ளோ, ரத்தத்துல கோபால்ட் பாத்தீங்களானு. கோபால்ட்டா? ரத்தத்துலயா? எனக்கு கோபால்ட்னா டிரில் பிட்டுதான் தெரியும்.

சைஸ் எவ்ளோனு எங்க யாருக்கும் தெரியல பாருங்க, இதான் கொடும. டிஸ்சார்ஜ் சம்மரியில ‘டோட்டல் ஹிப்’ அப்பிடினு ஒரு வரி. எந்த கம்பெனி, எந்த மாடல், எத்தன மில்லிமீட்டர், ஒண்ணுமில்ல. ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவுலயும் ரெஃபரன்ஸ் நம்பர், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் நாலஞ்சு இருக்கும், அதுல ஒண்ண கேஸ் ஷீட்ல ஒட்டணும், ஒண்ண பேஷன்ட்டுக்குத் தரணும். நான் மதுரைக்கு 150 கிலோமீட்டர் மூணுதடவ போயி, ரெக்கார்ட் ரூம்ல ஒரு பெரியவர டீ வாங்கிக் குடுத்து சிநேகம் புடிச்சு, மூணாவது தடவதான் அந்த ஸ்டிக்கர போட்டோ எடுத்தேன். இன்ஜின் நம்பர் இல்லாம நாங்க ஒரு பிஸ்டன் ரிங்கூட விக்கமாட்டோம். இந்த விசயத்துக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு அஞ்சுக்கு ஒண்ணு, அந்த ஒண்ணும் டீ குடிச்ச பெரியவருக்கு.

இதுல ஒரு பெரிய கதையும் இருக்கு, தெரிஞ்சுக்கங்க. ஜான்சன் அண்ட் ஜான்சனோட டிப்யூ கம்பெனி ஏஎஸ்ஆர்னு ஒரு மெட்டல் இடுப்ப 2010 ஆகஸ்ட்ல உலகம் முழுக்கத் திரும்பக் கூப்புட்டுச்சு, மொத்தம் 93,000 பேருக்கு வெச்சது. இந்தியாவுல மட்டும் ஏறக்குறைய 4,700 ஆபரேஷன். பின்னாடி மத்திய அரசு அமைச்ச கமிட்டி ஆளுக்குக் குறைஞ்சது 20 லட்சமாவது குடுக்கணும்னு சொல்லியும், நெறைய பேர கண்டுபுடிக்கவே முடியல, யாருக்கு எத வெச்சாங்கனு தாள் இல்ல. வாப்பாவுக்கு வெச்சது அது இல்ல, வேற மாடல், அது திரும்பக் கூப்புட்ட லிஸ்ட்லயே இல்ல. அதனால எங்களுக்கு யாரும் கடிதாசியும் போடல.

இப்ப சைஸ் விசயத்துக்கு வர்றேன், ரிவ்யூவுல இதுதான் முக்கியம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

இடுப்பு மாத்துறத இன்னைக்கு இருக்கற ரூபத்துக்குக் கொண்டு வந்த இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி 1962-ல வெச்ச பந்து 22 மில்லிமீட்டர்தான். நெல்லிக்காய் சைஸ். வேணும்னேதான் சின்னதா வெச்சாரு, பந்து சின்னதா இருந்தா உரசல் இழுக்கற விசை கம்மி, கிண்ணம் பிளாஸ்டிக்குங்கறதால தேய்மானமும் கம்மி. அப்புறம் 28 வந்துச்சு, 32 வந்துச்சு. மெட்டல் மேல மெட்டல் வெச்சா தேய்மானம் பிளாஸ்டிக்க விட ரொம்பக் கம்மினு கணக்குப் போட்டு, அப்ப பெருசாவே வெச்சுரலாமே, பெருசுனா நடுவுல எண்ணெப் படலம் மாதிரி மூட்டு நீரு நல்லா நிக்குமேனு 40-க்கு மேல போயிட்டாங்க. பேப்பர்ல எல்லாம் சரிதான். தேயுற எடை கம்மிதான், ஆனா தேஞ்சு விழுற துகளு நானோ சைஸ், எண்ணிக்கையில கோடிக்கணக்கு, கூடவே கோபால்ட்டும் குரோமியமும் அயனியா கரைஞ்சு ரத்தத்துல ஏறுது.

2012-ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டு ஆபரேஷன் பதிவேட்டுக் கணக்கு வந்துச்சு, 4 லட்சம் ஆபரேஷனுக்கு மேல, அதுல 31,171 ஸ்டெம் (தொடை எலும்புக்குள்ள எறக்கற தண்டு) வெச்ச மெட்டல் மேல மெட்டல். பந்து 1 மில்லிமீட்டர் கூடக்கூட திரும்ப ஆபரேஷன் வர்ற அபாயம் 2 சதம் கூடுது. 60 வயசு ஆம்பளைக்கு 28 மில்லிமீட்டர்னா 5 வருஷத்துல 100-க்கு 3.2 பேரு, 52 மில்லிமீட்டர்னா 5.1. பொம்பளைங்களுக்கு இன்னும் மோசம், 46 மில்லிமீட்டர் மெட்டல்ல 6.1, அதே பொம்பளைக்கு 28 மில்லிமீட்டர் மெட்டல் பந்தும் பிளாஸ்டிக் கப்பும் வெச்சிருந்தா 1.6. செராமிக் மேல செராமிக் வெச்சவங்களுக்கு அப்பிடியே தலகீழ், பெருசு நல்லா ஓடிருக்கு. ஆக குத்தம் சைஸ் மேல மட்டும் இல்ல, சைஸும் அந்த மெட்டலும் சேர்ந்த கூட்டணி மேல.

இன்னொரு தலகீழும் இருக்கு. ஸ்டெம்மே இல்லாம பந்து மேல தொப்பி மாட்டுற மாதிரி ஒரு ஆபரேஷன் உண்டு, ரீசர்ஃபேசிங்னு பேரு. அதுல சின்ன சைஸ்தான் வில்லன். கப் சின்னதாகும்போது பந்த மூடுற பரப்பு கொறையுது, கப்ப கொஞ்சம் சரிவா வெச்சுட்டாலும் பந்து விளிம்புல ஏறி உரசும், அங்க நீரு நிக்காது, மெட்டல் கொட்டும். அதனாலதான் பர்மிங்காம் ஹிப்ங்கற ரீசர்ஃபேசிங் மாடலகூட 2015-ல பொம்பளைங்களுக்கும் சின்ன சைஸுக்கும் வேணாம்னு அந்தக் கம்பெனியே நிறுத்துச்சு. பெருசுனா நல்லது, சின்னதுனா நல்லதுனு ஒரே வாயில சொல்ற ஆளு யாரா இருந்தாலும் நம்பாதீங்க, எந்த டிசைன், எந்த மெட்டீரியல்னு திருப்பிக் கேளுங்க.

வாப்பா சாமான்ல ஏன் பெரிய பந்து ஒத்துவரல? இத ஒரு போட் மெக்கானிக்கா சொல்றேன். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோட முனை டேப்பரா, அதாவது நுனிக்குப் போகப்போக சிறுத்து இருக்கும், அதுல ப்ரொப்பெல்லர ஏத்தி அடிச்சு நட்டப் போட்டு முறுக்குவோம். இடுப்புலயும் அதே கததான், ஸ்டெம்மோட கழுத்து முனை ஒரு சின்ன டேப்பர், விரல் தண்டிதான் இருக்கும், அதுல பந்த வெச்சு ஒரு தட்டு தட்டி ஏத்துறாங்க. நட்டுகூட கிடையாது. இப்ப அதே ஷாஃப்ட்ல ரெண்டு சைஸ் பெரிய ப்ரொப்பெல்லர மாட்டுனா என்னாகும்? முறுக்கு விசை பூரா அந்த டேப்பர்லதான் விழும். பந்தோட ஆரம் கூடக்கூட உரசல் இழுக்கற நெம்புகோல் நீளம் கூடுது, ஆனா கழுத்து அதே விரல் தண்டி. ஒவ்வொரு அடிக்கும் கண்ணுக்குத் தெரியாம மைக்ரான் கணக்குல ஆடும். குரோமியம் தன் மேல ஒரு மெல்லிசு ஆக்ஸைடு தோல போத்திக்கிட்டுத்தான் துருவுல இருந்து தப்பிக்குது, ஆட்டத்துல அந்தத் தோல் கிழியும், திரும்பப் போத்தும், திரும்பக் கிழியும். அந்த இடுக்குக்குள்ள உப்புத் தண்ணி. ஆமா, உடம்புக்குள்ளயும் உப்புத் தண்ணிதான், கடல்ல 3.5 சதம்னா ரத்தத்துல 0.9. இடுக்குல தேங்குன உப்புத் தண்ணி அமிலமா மாறும், அரிக்கும்.

இத எங்க ஊர்க்காரனுக்கு வெளக்க வேண்டியதே இல்ல. மண்டபம் கேம்ப்ல காரைக்குடி செக்ரியோட (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) சென்டரே இருக்கு, எந்த உலோகம் இந்தக் காத்துக்கு எத்தன நாள் தாங்கும்னு பாக்கறதுக்கு. பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனதும் இந்த உப்புக்கு முன்னாடி இரும்பு நிக்காததாலதான். வாப்பாகிட்ட நான் சொன்னேன், உங்க தொடைக்குள்ள ஒரு சின்ன பாம்பன் இருக்கு வாப்பானு. மனுசன் சிரிக்கல.

அடுத்து லேப் ரிவ்யூ. ரத்தத்துல கோபால்ட், குரோமியம் பாக்கணும், ராமநாதபுரத்துல ஒரு பெரிய லேப்போட கலெக்‌ஷன் சென்டர். அந்தப் புள்ளைக்கு இப்பிடி ஒரு டெஸ்ட் இருக்கறதே தெரியல, பாவம், கம்ப்யூட்டர்ல தேடிக் கண்டுபுடிச்சு, சுகர் பாக்கற மாதிரி சாதா டியூப்ல எடுத்து அனுப்பிட்டா. ரிசல்ட்ல குரோமியம் 31, கோபால்ட் 13. ராத்தா மக பாத்துட்டு இது தப்பு, ஊசியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுலயே குரோமியம் இருக்கு, முதல்ல கொஞ்சம் ரத்தத்த வேற டியூப்ல புடிச்சு ஓரங்கட்டிட்டு அப்புறம் கரும்நீல மூடி போட்ட டியூப்ல எடுக்கணும், அதுதான் இந்த மாதிரி துளியூண்டு உலோகம் பாக்கறதுக்குனு இருக்கற டியூப்னு சொன்னா. மறுபடி காசு. அந்த டியூப் சென்னையில இருந்து வர ஒம்போது நாள். ரெண்டாவது ரிசல்ட் கோபால்ட் லிட்டருக்கு 14.2 மைக்ரோகிராம், குரோமியம் 9.1. சாதாரண ஆளுக்கு 1-க்குக் கீழதான் இருக்கும். இங்கிலாந்துல 2010-லயே 7-க்கு மேல போனா கவனிங்கனு எச்சரிக்கை விட்டாங்க, 7-னா ஒடனே எடுத்துரணும்னு அர்த்தம் இல்ல, திரும்ப டெஸ்ட் பண்ணு, ஸ்கேன் எடுனு அர்த்தம். முதல் டெஸ்ட் காச திருப்பித் தரல, ஆனா ரெண்டாவது தடவ அந்தப் புள்ள போன் பண்ணிக் கேட்டுக் கேட்டு செஞ்சா. அஞ்சுக்கு மூணு.

கூடவே கிரியாட்டினினும் பாருங்க, இத மறக்காதீங்க. கோபால்ட் வெளிய போற வழி சிறுநீர்தான், கிட்னி சொணங்குனா மெட்டல் உள்ளயே தேங்கும், நம்பர் ஏறும். வாப்பாவுக்கு சுகர் உண்டு, நல்லவேளை கிட்னி தப்பிச்சுச்சு. ஒரு துணைக் கதை: 1960-கள்ல கனடாவுல க்யூபெக் பக்கம் பீரு நுரை நிக்கறதுக்காக கோபால்ட் உப்பக் கலந்தாங்க, குடிச்ச ஆளுங்க இருதயம் வீங்கி செத்தாங்க. வாழ்க்கையில ஒரு சொட்டுத் தொடாத மனுசனுக்கு பீர் குடிச்சவன் வியாதி வருமானு உம்மா பதறிப்போயி எக்கோ எடுக்க வெச்சுச்சு, இருதயம் நல்லாருக்கு. காதுல மட்டும் ஙொய்ங்னு ஒரு சத்தம், அதுக்கும் கோபால்ட் காரணமா இருக்கலாம்னாரு டாக்டர், இருபது வருஷம் கடலுக்கு அடியில கெடந்த காதாச்சே, யாரு மேலனு பழி போடுறது.

அப்புறம் உலோக நிழல் விழாம எடுக்கற எம்ஆர்ஐ. மூட்டச் சுத்தி நீர்க்கோத்து ஒரு பை, கட்டி மாதிரி ஆனா கேன்சர் இல்ல, மெட்டல் துகளுக்கு உடம்பு காட்டுற கோவம். பக்கத்துத் தசையையும் தின்ன ஆரம்பிச்சிருச்சு. எக்ஸ்ரேயில இது எதுவுமே தெரியாது, அதான் ரெண்டு வருஷம் சூப்பர் சூப்பர்னு சொன்னாங்க. புது டாக்டர் நல்ல மனுசன், பொறுமையா சொன்னாரு. தடைக்காலம் முடியட்டும்னு வாப்பா அடம்புடிச்சு, ஜூலையில ஆபரேஷன். பழைய கப் ஒரே துண்டு, உள்ள வேற லைனர் (கப்புக்குள்ள மாட்டுற உள்கிண்ணம்) மாட்ட வழியில்ல, அதனால எலும்போட ஒட்டிக்கிட்ட கப்பையும் பேத்து எடுக்கணும். ஸ்டெம் கெட்டியா இருந்துச்சு, அத விட்டுட்டாங்க. கழுத்து டேப்பர் மேல ஒரு டைட்டானியம் ஸ்லீவ் போட்டு, அதுக்கு மேல 36 மில்லிமீட்டர் செராமிக் பந்து, எதிர்ல கிராஸ்லிங்க் பண்ண பாலிஎதிலீன் லைனர். இந்த பிளாஸ்டிக் சார்ன்லி காலத்து பிளாஸ்டிக் இல்ல, தேய்மானம் ரொம்பக் கம்மி, அதனாலதான் 32, 36 போட முடியுது.

எடுத்த சாமான கேட்டு வாங்கிட்டேன். கேட்டா தருவாங்க, கேக்கணும். பட்டறையில வெர்னியர வெச்சுப் பாத்தேன், 46 சரியா 46 காட்டுது, அந்தத் தேய்மானம் நம்ம வெர்னியருக்குப் புடிபடாது. வெளிப்பக்கம் மூஞ்சி பாக்கலாம், அவ்ளோ பாலிஷ். திருப்பி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சேன், உள்ள கருப்பு. சைலன்சர் குழாய்க்குள்ள இருக்கற கரி மாதிரி, நகத்தால சொரண்டுனா வருது. ஷாஃப்ட்ல இருந்து ப்ரொப்பெல்லரக் கழட்டும்போது நான் எத்தனையோ தடவ பாத்த கருப்பு. இன்னும் அலமாரியில இருக்கு, போன மாசம் பாம்பன்ல இருந்து வந்த ஒரு போட்காரரு கையில எடுத்துப் பாத்துட்டு இது எந்த இன்ஜின் பேரிங் பாய்னு கேட்டாரு, வாப்பா உள்ள இருந்து, அது ரிஜெக்ட் பீஸு வைங்கன்னாரு.

ரெண்டாவது சாமானுக்கு இப்போதைக்கு அஞ்சுக்கு மூணரை. வலி போச்சு, சத்தம் போச்சு, வீக்கம் போச்சு. கோபால்ட் ஆறு மாசத்துல 1.6, குரோமியம் மெதுவாத்தான் எறங்குது, அப்பிடித்தான் எறங்குமாம். ஆனா தின்னுட்டுப்போன தசை திரும்ப வராது, நடக்கும்போது ஒரு பக்கம் சாயுறாரு, கீழ உக்காரக் கூடாது, நழுவுற பயம் முன்னவிட ஜாஸ்தி. பள்ளியில மறுபடி கடைசி வரிசை, பிளாஸ்டிக் சேர். எந்தத் தொழுகைக்காகப் பெரிய பந்து வெச்சோமோ அது இப்ப சேர்ல. முதல் சாமானுக்கு மொத்தமா அஞ்சுக்கு ரெண்டு, அந்த எட்டு வருஷம் கீழ உக்காந்து தொழுதாரே, அத நான் கழிக்கமாட்டேன்.

இப்ப யாராவது மாத்தப் போறீங்கனா, மெட்டல் மேல மெட்டல் பெரிய பந்து இப்ப கிட்டத்தட்ட யாரும் வைக்கறதில்ல, பயப்படாதீங்க. ஆனா 2010-க்கு முன்னப்பின்ன வெச்ச பெரியவங்க வீட்டுல இருந்தா, வலி இல்லைனாலும், தாள எடுத்துப் பாருங்க, 36-ம் அதுக்கு மேலயும் மெட்டல்னா டாக்டர்கிட்ட ரத்த டெஸ்டப் பத்தி நீங்களே வாயத் தொறந்து கேளுங்க. வாப்பாவோட புது ஸ்டிக்கர லேமினேட் பண்ணி ரேஷன் கார்டு பைக்குள்ள வெச்சிருக்கேன், போன்லயும் இருக்கு, ராத்தா மககிட்டயும் இருக்கு.

அப்டேட்: போன வாரம் வருஷாந்திர டெஸ்டுக்குப் போனோம். அதே கலெக்‌ஷன் சென்டர், அதே புள்ள. வாப்பா சேர்ல உக்காந்து கைய நீட்டுறதுக்கு முன்னாடியே டிராயர இழுத்துட்டு, "நீல மூடிதான பாய், ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், வேற ஒரு கீழக்கரை அம்மாவுக்கும் வேணுமாம்"னா.